948 சிசி

எங்கள் வீட்டுக் கொட்டகையில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இரண்டு வருஷமாகச் செங்கல் மேல் உட்கார்ந்திருக்கிறது. காயலான் கடைக்குப் போக இருந்ததைக் கெஞ்சி வாங்கிவந்தேன். ஹெரால்டில் சட்டம் தனி, உடம்பு தனி. போல்ட்டுகளைக் கழற்றினால் உடம்பை அப்படியே தூக்கிவிடலாம். வீட்டிலேயே கார் கட்ட நினைப்பவனுக்கு இதைவிட வசதி இல்லை. சோழவரம் பந்தயங்களில் கோயம்புத்தூர் கரிவரதன் ஓட்டிய ‘பிளாக் பியூட்டி’க்கும் மூலம் ஹெரால்ட்தான்.

பிரச்சினை எஞ்சினில் வந்தது. நான் கான்டெஸாவின் இசுசூ எஞ்சினைப் போட நினைத்தேன். 1817 சிசி, 88 குதிரைத்திறன். ஹெரால்டின் சொந்த எஞ்சினோ 948 சிசி, 35 குதிரைக்குப் பக்கம். பகலெல்லாம் கோடு எழுதுகிறவனுக்குப் பெரிய எண்கள் மேல் ஒரு மயக்கம்.

அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் 31 வருஷம் பிரஸ் ஷாப்பில் இருந்தவர். காதில் ஏதாவது வைத்துக்கொள் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. மெல்லிய, கீச்சென்ற சத்தங்கள்தான் முதலில் போயின. குக்கர் விசில், அப்புறம் என் மகளின் பேச்சு. வாங்கிக் கொடுத்த மெஷின் மேசை டிராயரில் கிடக்கிறது. அவரிடம் கத்திப் பேசிப் பேசி, பேசுவதே சண்டை மாதிரி ஆகி, கடைசியில் பேச்சைக் குறைத்துக்கொண்டேன்.

இசுசூ விஷயத்தைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அப்பா காரின் பின்பக்கம் குனிந்தார்.

“இது ஸ்விங் ஆக்ஸில்டா. வளைவுல பயந்து காலை எடுத்தா பின்னாடி தூக்கும், சக்கரம் உள்ள மடங்கும். அவ்ளோ பவர இதுல ஏத்தி, கார் கட்டுறியா, பாடை கட்டுறியா?”

காரனோடையிலிருந்து சைக்கிளில் போய்ச் சோழவரம் ஓடுபாதையில் பந்தயம் பார்த்தவர் அவர். யுத்த காலத்து விமானத் தளம் அது. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வரும்வரை சென்னையின் பந்தயத் திடல். சட்டமும் அப்பா பக்கம்தான். வேறு எஞ்சின் மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். 50 வருஷம் தாண்டிய வண்டியை விண்டேஜாகப் பதிய வேண்டுமானால் அசல் வடிவம் கெடக்கூடாது.

948 என்று முடிவானது. பிரிப்பதற்கு முன் ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம். டேப்பட் சத்தம் டிக்டிக்கென்று கேட்டது. ஃபில்லர் கேஜ் வைத்துச் சரிசெய்தேன். எஞ்சின் நன்றாக இருக்கிறது, சிலிண்டரை 63 மில்லிமீட்டரிலிருந்து 64 ஆகப் போரிங் போட்டால் 978 சிசி கிடைக்கும், மிச்சப் பணத்தில் இரட்டைக் கார்புரேட்டர் என்று கணக்குப் போட்டேன்.

அப்பா பிளாக்கில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, “ரேஸ் பண்ணு” என்றார். பண்ணினேன்.

“அடியில டொக்குன்னுது பார்.”

எனக்குக் கேட்கவில்லை. வீம்புக்குத்தான் சம்ப்பைக் கழற்றினேன். கிராங்க் ஷாஃப்டைத் தாங்குவது மூன்றே மெயின் பேரிங். நடு பேரிங்கில் மேல்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது. டேப்பட் சத்தம் அவருக்குக் கேட்டிருக்காது. இது கேட்டிருக்கிறது.

கார்புரேட்டர் பணம் கிராங்க் கிரைண்டிங்குக்கும் அண்டர்சைஸ் பேரிங்குக்கும் போயிற்று. பழைய பெட்ரோலில் இருந்த ஈயம் வால்வு சீட்டைக் காத்தது. 2000க்குப் பிறகு அது இல்லை. அதனால் எக்ஸாஸ்ட் சீட்டுகளுக்குக் கடினமான எஃகு வளையமும் போட்டோம். குதிரைத்திறன் பெரிதாக ஏறப்போவதில்லை.

கும்மிடிப்பூண்டிப் பட்டறையில் கிரைண்டிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் அப்பாவும் பட்டறைக்காரரும் கத்தவே இல்லை. விரலை மடக்கி, நிமிர்த்தி, உள்ளங்கையைத் தட்டி என்னென்னவோ பேசினார்கள். நடுவில் இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். இத்தனை வருஷத்தில் அந்தப் பாஷை இருப்பதே எனக்குத் தெரியாது.

வேலை முடிந்ததும் அப்பா மைக்ரோமீட்டரை என்னிடம் நீட்டி, அளக்கத் தெரியுமா என்று கையாலேயே கேட்டார். எஞ்சினியரிங் படித்தவன். தெரியாது என்று கையை விரித்தேன். பக்கத்தில் வந்து என் விரலைப் பிடித்துத் திருகிக் காட்டினார்.