வறண்ட கரங்களின்மேல் கர்த்தருடைய கரிசனை

தியானப் பகுதி: உபாகமம் 8:1-5, ரூத் 3:1-5



இந்த வாரச் சிந்தனைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் உங்களில் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். பிரசங்க பீடத்திலிருந்து அதைக் குறித்து நாம் பேசுவதில்லை. நம் சபையிலுள்ள மூத்த தாய்மாருடைய வறண்ட தோலைக் குறித்தே இன்று எழுதுகிறேன்.

இஸ்ரவேல் ஜனங்கள் வனாந்தரத்தில் நாற்பது வருடம் நடந்தார்கள். பயணத்தின் முடிவிலே மோசே, கர்த்தர் செய்த நன்மைகளை அவர்களுக்கு நினைப்பூட்டுகிறார். மன்னாவினால் போஷித்ததைச் சொல்லுகிறார். அதே மூச்சில், அத்தனை வருடமும் அவர்களுடைய கால்கள் வீங்காமல் காக்கப்பட்டதையும் சொல்லுகிறார். சமுத்திரத்தைப் பிளந்த தேவன், தம் ஜனத்தின் பாதங்களையும் கணக்கில் வைத்திருந்தார். வயதான ஒரு தாயின் வெடித்த குதிகால் அவருக்கு அற்பக் காரியமா? இல்லை என்றே நான் விசுவாசிக்கிறேன்.

ஆலயத்துக்கு வர இயலாதவர்களுக்குத் திருவிருந்து கொடுக்க வீடுகளுக்குச் செல்லும்போது, அப்பத்தை வாங்க நீட்டப்படும் கைகளை நான் பார்க்கிறேன். சாம்பல் பூத்தாற்போல் வெளுத்து, செதில் செதிலாய் உரியும் கைகள். சொறிந்து சொறிந்து புண்ணான முழங்கைகள். சில தாய்மார், உள்ளங்கையை மட்டும் நீட்டி, மற்றதை முந்தானைக்குள் மறைத்துக்கொள்ளுகிறார்கள். "இராத்திரி தூக்கம் வருகிறதா அம்மா?" என்று கேட்டால், "அரிப்புதான் ஐயா. வயசானா இதெல்லாம் இருக்கத்தானே செய்யும்" என்று சிரித்துவிடுகிறார்கள். வீட்டாருக்குத் தெரியுமா என்று கேட்டால், பெரும்பாலும் தெரியாது.

இந்த வறட்சி ஏன் வருகிறது என்று நாம் அறிந்துகொள்வது நல்லது. தோலின் மேலடுக்கு, செங்கல்லும் சாந்தும் சேர்ந்த சுவரைப் போன்றது. உயிரணுக்கள் செங்கற்கள், அவற்றுக்கு இடையிலுள்ள கொழுப்பு சாந்து. உடலின் ஈரம் வெளியேறாதபடி காப்பது அந்தச் சுவரே. வயது ஏற ஏறச் சாந்து குறைகிறது. எண்ணெய்ச் சுரப்பும் வியர்வையும் குறைகின்றன. பெண்களுக்கோ மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு வற்றுவதால் இந்த மாற்றம் விரைவாகிறது. தோலைத் தாங்கி நிற்கும் கொலாஜன் என்னும் நார்ப்பொருளில் ஏறத்தாழ 30 விழுக்காடு, மாதவிடாய் நின்ற முதல் 5 ஆண்டுகளிலேயே குறைந்துவிடுவதாக மருத்துவர்கள் சொல்லுகிறார்கள். ஆகவே இது அந்தத் தாயின் அசட்டையும் அல்ல, அழுக்கும் அல்ல. பிள்ளைகளைப் பெற்று, அடுப்படியிலும் வயலிலும் உழைத்து, ஆயுள் முழுவதும் சோப்பிலும் சாம்பலிலும் கை நனைத்த ஒரு சரீரம் கடந்து வந்த வழி இது.

பின்னை ஏன் வெட்கம்? இரண்டு தவறான எண்ணங்கள் நம் தாய்மாரைக் கட்டி வைத்திருக்கின்றன.

முதலாவது, தோலுக்கு எதையாகிலும் பூசுவது அலங்காரம் என்ற எண்ணம். பேதுரு தம் முதலாம் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் புறம்பான அலங்காரத்தைக் குறித்து எச்சரிக்கிறார். அந்த வசனத்துக்குக் கீழ்ப்படிந்து, நகையையும் பவுடரையும் விட்டுவிட்ட தாய்மார் நம்மிடையே உண்டு. அவர்களுடைய பக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் பேதுரு அங்கே பேசுவது பின்னலையும் பொன்னையும் உயர்ந்த வஸ்திரத்தையும் குறித்தே. வெடித்த தோலுக்குக் களிம்பு இடுவதை அவர் விலக்கவில்லை. நம் ஆண்டவரோ, உபவாசிக்கிறவன் தன் முகத்தைக் கழுவி, தலைக்கு எண்ணெய் இட்டுக்கொள்ள வேண்டும் என்று போதித்தார். வாடிய முகத்தைப் பக்திக்கு அடையாளமாக அவர் ஏற்கவில்லை. பரிசேயனுடைய வீட்டில் பந்தியிருந்தபோது, தம் தலைக்கு அவன் எண்ணெய் பூசவில்லை என்பதை அவர் கவனித்துச் சொன்னதையும் லூக்கா 7-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். எண்ணெய் அங்கே உபசாரத்தின் அடையாளம்.

இரண்டாவது, இதற்கு நேர் எதிரான எண்ணம்: முதுமையே ஒரு குறை, அதை அழித்துவிட வேண்டும் என்பது. சுருக்கத்தைப் போக்குவோம், நிறத்தை வெளுப்பாக்குவோம் என்று விளம்பரங்கள் அழைக்கின்றன. வெளுப்பாக்கும் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீராய்டு கலந்த களிம்பை மருத்துவர் சீட்டின்றி வாங்கி நாள்தோறும் பூசினால், ஏற்கெனவே மெலிந்த தோல் இன்னும் மெலியும். நரைமயிரை நீதிமொழிகள் மகிமையான கிரீடமாகக் காண்கிறது. சுருக்கமும் அந்த மகிமைக்கு அடுத்ததே. அதை அழிக்க வேண்டியதில்லை. அதற்குரிய தோலைப் பேண வேண்டும்.

பேணுவது எப்படி? இது பெருஞ்செலவுள்ள காரியம் அல்ல.

குளியல் சுருக்கமாக, பத்து நிமிடத்துக்குள் முடியட்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றும் வெந்நீர் இதமாய்த் தோன்றினாலும், தோலில் எஞ்சிய கொழுப்பையும் கழுவிவிடும். வெதுவெதுப்பான நீர் போதும். சாதாரண சோப்பு காரத்தன்மை உள்ளது; ஆரோக்கியமான தோலோ இலேசான அமிலத்தன்மை உள்ளது. ஆகையால் அக்குள், இடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மாத்திரம் மிருதுவான சோப்பைப் பயன்படுத்துங்கள். நாரால் தேய்க்க வேண்டாம். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் முற்றிலும் காயுமுன், மூன்று நிமிடத்துக்குள் மாய்ஸ்சரைசரோ வாசலினோ பூசுங்கள். உள்ளிருக்கும் ஈரத்தைப் பூட்டி வைப்பதே அதன் வேலை. வாசனை கலவாதது நல்லது. இரவில் மறுபடியும் ஒரு முறை பூசலாம். குதிகால் வெடிப்புக்கு யூரியா கலந்த களிம்பு நல்ல பயன் தரும்.

எண்ணெயைக் குறித்து ஒரு வார்த்தை. வேதத்தில் சொல்லப்படுவது ஒலிவ எண்ணெய். வேதத்தில் இருக்கிறது என்பதற்காக அதை அதிக விலை கொடுத்து வாங்கித் தோலில் பூச வேண்டியதில்லை. அது தோலின் அந்தச் சுவரைத் தளர்த்தக்கூடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் வீட்டுத் தேங்காய் எண்ணெயோ வறண்ட தோலுக்கு உதவுவதாக ஆய்வுகள் கூறுகின்றன. கர்த்தர் கனானியருடைய தேசத்துக்கு ஒலிவ மரத்தைக் கொடுத்தார்; நமக்குத் தென்னையைக் கொடுத்திருக்கிறார்.

எச்சரிக்கைகளும் உண்டு. எண்ணெய் பூசிய பாதத்தோடு குளியலறைத் தரையில் நடந்தால் வழுக்கும். முதியவர்களுக்கு ஒரு வீழ்ச்சி போதும், இடுப்பெலும்பு முறிய. உட்கார்ந்து பூசி, காலுறை அணிந்துகொள்ளுங்கள். எண்ணெயும் களிம்பும் ஊறிய சேலை எளிதில் தீப்பற்றும். அடுப்பருகிலும் மெழுகுவர்த்தியருகிலும் கவனமாயிருங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் நாள்தோறும் பாதங்களைப் பார்க்க வேண்டும். உணர்ச்சி குறைந்த காலில் ஒரு சிறு வெடிப்பு, வலியில்லாமலே பெரும்புண்ணாகும். கால்விரல் இடுக்குகளில் களிம்பு பூசாமல் உலர்வாக வையுங்கள். இவ்வளவு செய்தும் உடலெங்கும் அரிப்பு நிற்கவில்லையானால் மருத்துவரிடம் செல்லுங்கள். தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றின் குறைபாடு அரிப்பாக வெளிப்படுவதுண்டு. நீர் பிரிவதற்காகக் கொடுக்கப்படும் மாத்திரை போன்ற சில மருந்துகளும் தோலை வறளச் செய்யும். அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதிருங்கள். ஜெபத்தையும் மருத்துவரையும் நாம் ஒன்றுக்கு ஒன்று எதிராக நிறுத்தத் தேவையில்லை.

இப்பொழுது பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் ஒரு வார்த்தை. ரூத்தைக் குளித்து எண்ணெய் பூசிக்கொள்ளும்படி அனுப்பியவள் நகோமி. கணவனையும் இரண்டு குமாரரையும் மோவாபில் அடக்கம்பண்ணிவிட்டு வந்த அந்த விதவை, தன் மருமகளின் தோலைக் குறித்து நினைத்தாள். நகோமியைக் குளிக்கும்படி, எண்ணெய் பூசும்படி சொன்னவர் உண்டா? வேதம் அதைச் சொல்லவில்லை. நம் வீடுகளிலும் அப்படியே. பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துவிட்ட தாய்க்கு, இன்று முதுகு எட்டுவதில்லை. குனிந்து குதிகாலைத் தொட முடிவதில்லை. களிம்பு வாங்கிக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். அந்தக் குப்பி திறக்கப்படாமலே அலமாரியில் இருக்கிறது.

தனியே வாழும் விதவைத் தாயை யாராவது ஒருவர் தொட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று சிந்தித்துப் பாருங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து கைகுலுக்குவதோடு அந்த வாரம் அவருக்கு முடிந்துவிடலாம். ஆண்டவர் தம் சீஷருடைய கால்களைக் கழுவியபின், அவ்விதமே நீங்களும் ஒருவருக்கொருவர் செய்யக் கடனாளிகள் என்று கட்டளையிட்டார். பெரிய வியாழனன்று அதைக் குறித்துத் தியானிக்கிறோம். அக்கட்டளையை நிறைவேற்றுவதற்கு ஒரு கிண்ணம் எண்ணெயும் பத்து நிமிடமும் போதும்.

ஆகையால் இந்த வாரத்தில் இதைச் செய்யுங்கள். உங்கள் தாயின் அருகே, மாமியாரின் அருகே, அடுத்த வீட்டு ஆச்சியின் அருகே உட்காருங்கள். கேட்டு அனுமதி பெற்று, அவர்கள் கைகளையும் கால்களையும் உங்கள் மடியில் வைத்துப் பூசிவிடுங்கள். பெண்கள் ஐக்கியச் சகோதரிகள் வீட்டுச் சந்திப்புக்குச் செல்லும்போது வேதாகமத்தோடு ஒரு சிறு குப்பியையும் எடுத்துச் செல்லலாம். பெரியோரே, அவர்கள் வரும்போது "வேண்டாம் அம்மா, உனக்கு எதற்குச் சிரமம்" என்று கையை இழுத்துக்கொள்ளாதிருங்கள். பேதுருவும் முதலில் மறுத்தான், பின்பு இடங்கொடுத்தான். ஊழியத்தை ஏற்றுக்கொள்வதும் விசுவாசத்தின் கிரியையே.

ஜெபம்:

எங்கள் பரலோகப் பிதாவே, வனாந்தரத்தில் உமது ஜனத்தின் பாதங்களைக் காத்தவரே, எங்கள் சபையின் மூத்த தாய்மாருக்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறோம். அவர்களுடைய வேதனையை மறைக்க வேண்டியதில்லை என்ற தைரியத்தை அவர்களுக்குத் தாரும். அவர்களுக்கு நல்ல உறக்கத்தைக் கட்டளையிடும். அவர்களைத் தொட எங்கள் கரங்களுக்கு மனதைத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.