ரெண்டும் பொட்டைதான்

முயல் குட்டி விற்கிறவர்கள் கூசாமல் சொல்கிற வசனம் ஒன்று உண்டு. "ரெண்டும் பொட்டைதான், தைரியமா எடுத்துட்டுப் போங்க." அவர்களைப் பொய்யர்கள் என்றும் சொல்ல முடியாது. எட்டு வாரம்கூட ஆகாத குட்டியில் ஆண் எது, பெண் எது என்று பார்ப்பதில் கை பழகியவர்களே தடுமாறுவார்கள். நாலைந்து மாதத்தில் குட்டிகள் வயதுக்கு வந்துவிடும். சேர்ந்தால் முப்பது, முப்பத்திரண்டு நாளில் பிரசவம். எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டு பொட்டைகளில் ஒன்று தகப்பனானது இப்படித்தான்.

இன்னொன்றான வெள்ளச்சி சினையாக இருந்தது வயிற்றைப் பார்த்துத் தெரியவில்லை. அவள் கூடு கட்டத் தொடங்கியபோதுதான் தெரிந்தது. வைக்கோலை வாயில் குறுக்காகக் கவ்வி, அது இரண்டு பக்கமும் மீசை மாதிரி துருத்திக்கொண்டிருக்க, கூண்டின் மூலைமூலையாக அலைந்தாள். பழைய திராட்சைப் பெட்டி ஒன்றைப் படுக்கை வாட்டத்தில் வைத்துக் கொடுத்தோம். வைக்கோலை அதில் திணித்துவிட்டு, தன் நெஞ்சிலும் வயிற்றிலும் இருந்த முடியைக் கொத்துக்கொத்தாகப் பிடுங்கி மேலே பரப்பினாள். முடி போன இடத்தில் காம்புகள் வெளியே தெரிந்தன, குட்டிகள் வாய் வைக்கத் தோதாக. மறுநாள் விடியும்போது அந்த முடிக்குவியல் தானாக ஏறி இறங்கியது. விலக்கிப் பார்த்தால் கண் திறக்காத, மயிர் முளைக்காத ரோஸ் நிறக் குட்டிகள், ஒன்றன்மேல் ஒன்றாக.

அன்று பகல் முழுக்க அவள் பெட்டிப் பக்கமே போகவில்லை. "என்னடி இவ, பெத்துப் போட்டுட்டு எனக்கென்னன்னு மூலையில போய்ப் படுத்துக்கிட்டா! பசும்பாலைப் பஞ்சுல நனைச்சு ஊட்டுங்கடி" என்று அம்மாச்சி பதறினார். அந்தப் பதற்றத்தில் பால் புரையேறிச் சாகும் குட்டிகள்தான் அதிகம். முயல் தாய் ஒரு நாளைக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவைதான் பால் கொடுக்கும். அதுவும் மூன்று நிமிஷம், ஐந்து நிமிஷம். தாய் வளையிலேயே கிடந்தால் அதன் வாசனை பிடித்து நரியும் பாம்பும் வரும் என்பதால் விலகி இருப்பதுதான் அதன் காவல். பாலும் அதற்கேற்ற பால். பசும்பாலில் நூற்றுக்கு நாலு பங்கு கொழுப்பு என்றால், முயல் பாலில் அதைப்போல மூன்று மடங்கு. காலையில் முடியை விலக்கி வயிற்றை மட்டும் பார்த்தால் போதும். உருண்டு திரண்டிருந்தால், மெல்லிய தோலுக்கடியில் பால் வெள்ளையாகவே தெரியும். ஒட்டிச் சுருங்கிக் கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

ஆக, நமக்கு மிஞ்சுகிற வேலை எறும்பும் காற்றும்தான். கூண்டுக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினோம். ஆனி, ஆடியில் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் மேற்கு மலையிலிருந்து இறங்கும் காற்று ஓட்டையே தூக்கும். மயிரில்லாத குட்டிக்கு அது எமன். பெட்டியின் வாயைக் கிழக்கே திருப்பி, கூண்டின் மேற்குப் பக்கம் சாக்குத் தொங்கவிட்டோம். பத்துப் பன்னிரண்டு நாளில் குட்டிகள் கண் திறந்தன.

அதற்குள் அடுத்த ஈற்றுக்கும் விதை விழுந்திருந்தது. ஆடு மாடு மாதிரி முயல் பருவத்துக்குக் காத்திருப்பதில்லை. இணை சேர்வதுதான் கருமுட்டையை வெளியே தள்ளுகிறது. குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே மறுபடி சினை பிடிக்கும். பண்ணைக்காரர்கள் பிரசவத்துக்கு முன்பே ஆணைத் தனியே பிரித்துவிடுவார்கள். நாங்கள் பிரிக்கவில்லை. ஒரு பக்கம் பால் கொடுத்தபடி இன்னொரு பக்கம் வயிற்றில் சுமந்தாள் வெள்ளச்சி. மாதம் திரும்பியபோது பெட்டி மறுபடி நிறைந்தது. 1202-இல் இத்தாலியக் கணிதர் ஃபிபோனாச்சி, ஒரு ஜோடி முயல் ஓராண்டில் 377 ஜோடியாகும் என்று கணக்குப் போட்டார். வளர்ந்த ஒவ்வொரு ஜோடிக்கும் மாதத்துக்கு ஒரே ஒரு ஜோடிதான் பிறக்கும், எதுவும் சாகாது என்பது அவர் கணக்கு. பாவம், கூண்டு கழுவாத மனிதர் போலிருக்கிறது.

தீனிக்கு இந்தப் பக்கம் பஞ்சமில்லை. வேலிமசால், கல்யாண முருங்கை, அகத்தி, வரப்பில் அருகம்புல். கேரட் படத்தில் வருகிற தீனி. இனிப்பு அதிகம், சின்னத் துண்டுக்கு மேல் ஆகாது. திராட்சை இலையை மட்டும் தோட்டக்காரரைக் கேட்காமல் கிள்ளக் கூடாது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்த இலை பார்வைக்குப் பச்சையாகத்தான் இருக்கும்.

குட்டிகளை எங்கே அனுப்புவது என்பதுதான் நிஜமான தலைவலி. "சுருளி மலையடிவாரத்துல விட்டுருங்க, பொழைச்சுக்கும்" என்றார் பக்கத்து வீட்டு மதினி. பிழைக்காது. நம் காட்டில் திரிவது வேறு சாதி முயல். அது வளை தோண்டாது. அதன் குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறந்து, சீக்கிரமே ஓடப் பழகும். வீட்டு முயலின் மூதாதை ஸ்பெயின் பக்கத்து வளைமுயல். வெள்ளை உடம்போடு புதரில் உட்கார்ந்தால் முதல் ராத்திரியே நாய்க்கு இரை. கறிக்குக் கேட்டவர்களும் உண்டு. அதை நான் குறை சொல்ல மாட்டேன். மலைக்கு அந்தப் பக்கம் மன்னவனூரில் மத்திய அரசு ஆராய்ச்சி நிலையமே கறி முயல் வளர்க்கிறது. ஆனால் பேர் வைத்த பிறகு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எடுபடவில்லை.

கடைசியில் தெரிந்த வீடுகளுக்குத்தான் கொடுத்தோம், ஒரு வீட்டுக்கு ஒரே பாலாகப் பார்த்து. உங்களிடமும் குட்டி கேட்டு யாராவது வந்தால், வீட்டில் ஏற்கெனவே முயல் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால், கால்நடை மருத்துவரிடம் காட்டி ஆணா பெண்ணா என்று உறுதி செய்த பிறகு சேர்க்கச் சொல்லுங்கள். ஆணுக்கு விதை நீக்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: அறுவை முடிந்த பிறகும் ஒன்றரை மாதத்துக்கு அவனைத் தனிக் கூண்டில்தான் வைக்க வேண்டும்.