மோட்டார் மேளத்துக்குச் சாதி கேட்பதில்லை

முசிறி, தொட்டியம் பக்கம் பல கோயில்களில் மோட்டார் மேளத்தைப் பார்த்திருப்பீர்கள். தீபாராதனை நேரத்தில் அர்ச்சகர் சுவிட்சைத் தட்டுகிறார். சின்ன மோட்டார், ஒரு பெல்ட், சுற்றுகிற அச்சு. அச்சு சுற்றச் சுற்றக் கோல்கள் எழும்பி விழுகின்றன. முரசும் மணியும் ஜால்ராவும் சேர்ந்து அதிர்கின்றன. சாமி எதுவானாலும் ஒரே அடி. "மிஷின் வந்து கலையைக் கொன்னுடுச்சு" என்று வாட்ஸ்அப்பில் புலம்பல் வரும். அந்தப் புலம்பலில் எங்களால் சட்டென்று சேர முடியவில்லை.

ஐரோப்பாவிலும் இதற்கொரு கதை உண்டு. பாரிசில் கவியோலி நிறுவனம் 1892இல், துளையிட்ட அட்டை மடிப்புகளைப் படித்துத் தானே வாசிக்கும் ஆர்கனுக்குக் காப்புரிமை பெற்றது. துளை வரும் இடத்தில் காற்று திறக்கும், குழல் ஒலிக்கும். முதலில் சந்தைத் திடல்களில் ராட்டினத்தோடு ஒலித்தது. பிறகு பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் மோர்ட்டியே, டெகாப் போன்றவர்கள் நடனக் கூடங்களுக்காகச் சுவர் அகலத்துக்கு ஆர்கன் செய்தார்கள். ஒரு வாத்தியக் குழுவின் வேலையை ஒரே பெட்டி செய்தது. பின்னால் ஒலிபெருக்கியும் ஜூக்பாக்ஸும் வந்து அந்தப் பெட்டியையும் ஓரங்கட்டின. இன்று அதை அருங்காட்சியகத்தில் வைத்துப் பாதுகாக்கிறார்கள். அங்கே வேலை போன வாத்தியக்காரர் கூலிக்கு வாசித்தவர். அவர் இழந்தது கூலி.

இங்கே பறையடிப்பது கூலி வேலையாக இருக்கவில்லை, பிறப்போடு ஒட்டிய கட்டாயம். எங்கள் பெரியவர்கள் "இனி சாவுக்கு அடிக்க மாட்டோம்" என்று பறையைக் கீழே வைத்தபோது, வயல் வேலை நின்றது, கடையில் சாமான் தர மறுத்தார்கள். குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1955இல் வந்தது. தீண்டாமையின் பேரால் இழிவேலை செய்யக் கட்டாயப்படுத்துவது குற்றம் என்று சொல்லும் 7ஏ பிரிவு 1976 திருத்தத்தில்தான் சேர்ந்தது. ஊருக்குள் அது வந்துசேர இன்னும் நாளானது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கோயிலுக்குள் அந்த மோட்டார் தள்ளிவிட்டது நம்மை இல்லை, தவில், நாகஸ்வரக்காரர்களை. நாம் அந்த மண்டபத்தில் இருந்ததே இல்லை. நம் மேளம் வாசலுக்கு வெளியே, தேருக்கு முன்னால், பாடைக்கு முன்னால். மோட்டார் மட்டும் கருவறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. யார் செய்தது, யார் கை பட்டது என்று யாரும் விசாரிக்கவில்லை.

சாவு வீட்டுக்கு மோட்டார் மேளம் வந்து நாங்கள் பார்த்ததில்லை. நம் ஊர் மறுத்தால் பக்கத்து ஊர்ச் சேரிக்கு ஆள் போகிறது. மணியடிக்க மோட்டார் எப்போதோ வந்துவிட்டது. மலக்குழிக்கோ, 2013 சட்டத்துக்குப் பிறகும் மனிதன்தான் இறங்குகிறான். அவன் செத்தால் தர வேண்டிய இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023இல் 30 லட்சமாக உயர்த்தியது. எந்த வேலைக்கு மிஷின் வாங்குகிறார்கள், எதற்கு வாங்குவதில்லை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள் தோழர்களே.

இதற்கிடையில் பறை மேடையேறிவிட்டது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் இடுப்பில் பறை கட்டி ஆடுகிறார்கள். சென்னையில் கல்லூரிப் பிள்ளைகள் கட்டணம் கட்டிக் கற்கிறார்கள். எங்கள் பெரியப்பா ஒருவருக்கு இது இன்னும் உறுத்தல்தான்: "நாங்க அடி வாங்கி எறக்கி வச்சத நீங்க ஏன்டா தூக்குறீங்க?" அவருக்கு முழுப் பதில் எங்களிடம் இல்லை. கூலி பேசி, மேடையில் நின்று, பிடிக்காவிட்டால் மறுத்து அடிப்பது வேறு என்கிறோம். "பாக்கலாம்" என்கிறார்.

இந்த வருடத் திருவிழாவுக்கு ஒரு விழாக் குழுவினர் எங்களைக் கூப்பிட்டார்கள். மூன்று கேட்டோம்: தொகை எழுத்தில் வேண்டும், எல்லோரோடும் ஒரே பந்தியில் சாப்பாடு, அந்த மோட்டார் நிற்கிற மண்டபத்திலேயே நாங்களும் நின்று அடிப்போம். முதல் இரண்டுக்கும் உடனே சரி சொன்னார்கள். மூன்றாவதைக் கலந்து பேசிச் சொல்வதாகப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை.