த்யூவும் வூவும்

ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றுதான். கலெக்டருக்கும் அதுதான், கடைப் பையனுக்கும் அதுதான். தமிழில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று உண்டு. நடுவில் இருப்பது இப்போது திருநெல்வேலிப் பக்கமும் சர்ச்சிலும்தான் காதில் விழுகிறது. பிரெஞ்சில் இரண்டு. நெருங்கியவர்களுக்கு 'த்யூ', மற்றவர்களுக்கு 'வூ'. புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த எங்களுக்கு இந்த வித்தியாசத்தை ஸ்கேலால்தான் சொல்லிக் கொடுத்தார்கள். முசேயை யாராவது 'த்யூ' என்றுவிட்டால் தீர்ந்தது!

கடவுளை நம் பக்தர்கள் பெரும்பாலும் 'நீ' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். பிரெஞ்சு கத்தோலிக்கர்கள் பரலோகத் தந்தையை நோக்கிச் சொல்லும் ஜெபத்தில் 'வூ'வை எடுத்துவிட்டு 'த்யூ' போட்டது 1966-இல்தான்.

என்னோடு ஒரே பெஞ்சில் படித்த நண்பன் ஒருவன். தமிழில் வாடா போடா, பிரெஞ்சில் த்யூ. பிறகு இருவரும் ஒரே அரசு அலுவலகத்தில் எல்.டி.சி.யாகச் சேர்ந்தோம். அவன் இலாகா பரீட்சைகளை எழுதித் தள்ளி மேலே போனான். ஒருநாள் என் செக்‌ஷனுக்கே சூப்பரின்டென்டன்ட்டாக வந்து உட்கார்ந்தான். எல்லோர் முன்னாலும் 'டேய்' என்று கூப்பிட முடியுமா? 'சார்' என்றேன். அவனும் 'நீங்க' என்றான். நல்லவேளை, ஃபைலில் குறிப்பு எழுதுவது ஆங்கிலத்தில்.

ஆனால் டீ குடிக்க மாடிப்படி இறங்கும்போது இருவரும் பிரெஞ்சுக்கு மாறிவிடுவோம். அங்கே 'த்யூ' பத்திரமாக இருந்தது. பியூன்கள் எங்களைப் பெரிய மேதாவிகள் என்று நினைத்தார்கள். நாங்கள் பேசியதெல்லாம் சீட்டுப் பணமும் சினிமாவும்தான்.

பிறகு காரைக்கால் மாற்றல் பட்டியல் வந்தது. அதில் என் பெயர் இருந்தது. அம்மா பக்கவாதத்தில் படுத்திருந்த நேரம். பட்டியல் போனது அவன் மேசை வழியாக. மாடிப்படியில் பிரெஞ்சில் கேட்டேன். மேலிடத்து முடிவு, தன்னால் ஒன்றும் ஆகாது என்று ஒரே வரியில் பதில் சொன்னான். அந்த ஒரு வரியில் 'வூ' இருந்தது. மாற்றல் கிளார்க்குக்குப் புதிதல்ல. அவன் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். ஒரே எழுத்தில் கதவைச் சாத்தியவனிடம் என்ன பேசுவது? மூட்டை கட்டினேன். அம்மா போனது நான் காரைக்காலில் இருந்தபோதுதான்.

அதற்குப் பிறகு கல்யாண மண்டபங்களில் சந்திப்போம். 'நீ' என்றால் உறவு கொண்டாடுவது போல, 'நீங்க' என்றால் குத்திக் காட்டுவது போல. இந்த இக்கட்டுக்குத் தமிழ் ஒரு வழி வைத்திருக்கிறது. 'சாப்பாடு ஆச்சா?' 'கிளம்பியாச்சா?' 'வீட்டில் எல்லாம் சௌக்கியமா?' இதில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. இப்படியே அரைமணி நேரம் பேசலாம். இருபது வருஷத்துக்கு மேல் நாங்கள் அப்படித்தான் பேசினோம். பார்க்கிறவர்களுக்கு நல்ல சிநேகிதர்கள் என்றே தோன்றியிருக்கும்.

போன நவம்பரில் பென்ஷனுக்கு உயிர்ச் சான்று கொடுக்க பேங்க் போயிருந்தேன். எனக்கு முன்னால் கைத்தடியோடு அவன். படிவத்தை வைத்துக்கொண்டு சட்டைப்பையைத் தடவினான். பிறகு என் பக்கம் திரும்பி, "த்யூ ஆ அன் ஸ்தீலோ?" என்றான். உன்கிட்ட பேனா இருக்கா என்று கேட்கிறான்.

எடுத்துக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தான், மூடி இல்லாமல்.