காதர்பேட்டை துணி... ஊட்டி நாற்றுக்குப் போர்வை!

திருப்பூர் ரயில் நிலையத்தில் இறங்கினால் காதர்பேட்டைக்கு நடந்தே போய்விடலாம். வழிகூட கேட்க வேண்டாம். பெரிய பெரிய பைகளோடு கூட்டம் எந்தப் பக்கம் போகிறதோ, அந்தப் பக்கம் போனால் போதும்.

டி-ஷர்ட், லெக்கிங்ஸ், நைட் பேன்ட், குழந்தைகளுக்கான பாபா சூட் என சந்து முழுக்க பனியன் துணி வாசம். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய சர்ப்ளஸ், சின்ன குறையால் ஒதுக்கப்பட்ட செகண்ட்ஸ், உள்ளூர் விற்பனைக்கென்றே தைத்தவை என எல்லாம் இங்கே கிடைக்கும். கேரளா, கர்நாடகா வியாபாரிகள் மூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் செடிக்குத் துணி தேடி வந்திருந்தேன்.

''செடிக்குங்களா அம்மிணி?'' என்று கடைக்கார அண்ணன் ஒருமுறைக்கு இருமுறை கேட்டார்.

கருகிப்போன நாற்றுகள்

என் அத்தை வீடு ஊட்டி காந்தலில். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொஞ்ச இடத்தில் பூச்செடி நாற்று போட்டு விற்கிறார். கோடை சீஸனுக்கு விற்க வேண்டியதை ஜனவரியிலேயே தயார் செய்ய வேண்டும். ஊட்டியில் உறைபனி கொட்டுவதும் அதே ஜனவரியில்தான். போன வருடம் ஒரே இரவில் பாதித் தட்டுகள் கருகிவிட்டன. ''வெந்நீர் ஊத்துன மாதிரி ஆயிடுச்சு கண்ணு'' என்று போனில் சொன்னபோது அத்தையின் குரலே சரியில்லை. இந்த வருடமும் போனால் தொழிலையே விட்டுவிடுவேன் என்றார்.

உறைபனி மேலிருந்து விழுவதில்லை. மேகமும் காற்றும் இல்லாத இரவில், பகலில் வாங்கிய சூட்டை மண்ணும் இலையும் வானத்துக்கே விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனம் அதிகம் என்பதால் பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் காந்தல், தலைக்குந்தா, குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்வான இடங்களில் புல் வெள்ளையாகிறது. தெர்மாமீட்டர் 2 டிகிரி காட்டும்போதே, தரையை ஒட்டிய இலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருக்கும். இலைக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்து செல்கள் கிழிந்துவிட, வெயில் பட்டதும் இலை கறுத்துச் சாகும்.

ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் பனிக்காலம் வந்தால், அலங்காரச் செடிகளை 'கோத்தகிரி மிலார்' கிளைகளால் மூடிவைப்பார்கள். பெரிய செடிக்கு அது சரி. விரல் நீள நாற்றுக்கு ஒரு பெட்டியே தேவை.

கண்ணாடிப் பெட்டிக்குப் பழைய ஜன்னல்

கண்ணாடிப் பெட்டி ஊட்டிக்குப் புதிதில்லை. மலேரியா மருந்துக்கான சின்கோனா செடிகள் 1861-ல் தென் அமெரிக்காவிலிருந்து கடல் தாண்டி இங்கே வந்தது 'வார்டியன் பெட்டி' என்ற கண்ணாடிப் பெட்டிகளில்தான். அவற்றை இங்கே வளர்த்தெடுத்தவர், தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்ஐவர்.

எங்கள் பெட்டி அவ்வளவு பெரிய விஷயமில்லை. 6 அடி நீளம், 3 அடி அகலம். நாலு பக்கமும் செங்கல் சுவர். பின்பக்கம் ஒன்றரை அடி உயரம், தெற்கு பார்த்த முன்பக்கம் ஒரு அடி. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் இந்தச் சரிவு வெயிலை நன்றாக வாங்கும். மேலே மூட, வீடு இடித்த இடத்தில் வாங்கிய பழைய ஜன்னல்கள். உள்ளே சுவரோரம் கறுப்பு பெயின்ட் அடித்த தண்ணீர் கேன்கள். பகலில் சூடேறும் தண்ணீர், இரவில் அந்தச் சூட்டை மெதுவாக விடும்.

இது மட்டும் போதாது. கண்ணாடி வழியாகவும் இரவில் சூடு வெளியேறும். அதன் மேல் போர்த்தத்தான் காதர்பேட்டை.

''காட்டன் வேண்டாமுங்க. பனியில ஊறி, விடிஞ்சா பலகையாட்டம் நிக்கும். பாலியஸ்டர் கலந்த ஃப்ளீஸ் எடுத்துக்கோங்க'' என்ற அண்ணன், துணியைத் திருப்பி உள்பக்கத்தைத் தடவச் சொன்னார். ஸ்வெட் ஷர்ட்டுக்குள் இருக்குமே, அந்தப் பஞ்சு. ''துணி சூடு தராதுங்க. இருக்கிற சூட்டைப் புடிச்சு வெக்கும், அவ்வளவுதான். இந்தப் பஞ்சுக்குள்ள நிக்கிற காத்துதான் வேலை செய்யுது.''

கணக்கும் அவரே போட்டார். 300 ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் துணி 300 கிராம். பெட்டியை ஓரம் தொங்க இரண்டு மடிப்பாகப் போர்த்த 2 கிலோ போதும். சாயம் திட்டுத்திட்டாகப் பிடித்த ஒரு ரோலிலிருந்து வெட்டிக் கொடுத்தார். ''செடி கலர் பாக்காதுங்களே!''

அந்த ஜனவரி காலை

அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம், குன்னூர் வழியாக துணி ஊட்டி போய்ச் சேர்ந்தது. அத்தைக்கு ஒரு வழக்கம் பழகியது. மதியம் மண்ணை நனைப்பது, ஈர மண்ணில் சூடு அதிகம் தங்கும் என்பதால். 4 மணிக்கு ஜன்னலை மூடுவது. வெயில் இறங்கியதும் ஃப்ளீஸ், பனி நனைக்காமல் அதன் மேல் ஒரு பாலிதீன் ஷீட். காலை வெயில் ஏறியதும் துணியை எடுத்து, ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிடுவது. இதை மட்டும் மறக்கவே கூடாது. மலை வெயிலில் மூடிய பெட்டி ஒரு மணி நேரத்தில் நாற்றை வேகவைத்துவிடும்.

ஜனவரியில் நான் போயிருந்தபோது ஒரு நாள், விடியலில் வாசல் புல் முழுக்க உப்பு தூவியதுபோல் இருந்தது. அத்தை ஒன்றும் பேசாமல் போய்ப் போர்வையை விலக்கினார். கண்ணாடியின் உள்பக்கம் நீர்த்துளிகள். பனிக்கட்டி இல்லை! ஒரு ஓரத்தில் துணி நழுவியிருந்தது. அங்கே கண்ணாடியில் முட்டிக்கொண்டிருந்த ஒரு தட்டு மட்டும் கருகிவிட்டது. மற்றதெல்லாம் பச்சை.

கருகிய தட்டை ஒதுக்கிவைத்துவிட்டு அத்தை சொன்னார்: ''அடுத்த தடவை அந்தக் கடைக்குப் போனா, இன்னும் ரெண்டு கிலோ வாங்கிட்டு வா கண்ணு. இன்னொரு பெட்டி கட்டணும்.''