முதலில் தண்ணீர், மற்றதெல்லாம் பிறகு

களிமண் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு எதிர்க் குணங்கள் இருக்கின்றன. ஜடேரி நாமக்கட்டியைப் பொடித்து ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி வைத்தால், சில மணி நேரத்தில் மண் அடியில் படிந்து தண்ணீர் தெளிந்துவிடும். பென்டோனைட் என்ற களிமண் தூளைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தூவிக் கலக்கி வைத்தால் மறுநாள் கூழாகியிருக்கும். கரண்டியால் கலக்கினால் இளகும், விட்டால் திரும்ப இறுகும். குன்னூர்ப் பக்கம் சாலைக்காக வெட்டிய சரிவுகளில் தெரியும் வெள்ளை மண்ணை வைத்தே லோஷன் செய்யலாமே என்று கேட்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை. அது காவோலின் வகை. முகத்தில் அப்பிக் காயவிட நல்லது, ஆனால் ஊறிப் பருக்காது. கெட்டிப்படுத்தும் மண் கட்ச்சிலிருந்தோ பார்மேரிலிருந்தோதான் மலையேறி வர வேண்டும்.

வந்த மண்ணும் தானாக வேலை செய்யாது. அதன் நுண்தகடுகள் தண்ணீரில் பிரிந்து, ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் முகத்தில் ஒட்டிச் சீட்டுக்கட்டு வீடுபோல நின்றால்தான் கெட்டித்தன்மை வரும். கிளிசரினையோ உப்பையோ முந்திச் சேர்த்தால் தகடுகள் சரியாகப் பிரியாது. களிமண்ணின் மேல் போடப்படும் பழிகளில் பெரும்பகுதி உண்மையில் இந்த வரிசைப் பிழைதான். ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும் என்பதும் ஒரு குறையல்ல; தகடுகள் பிரிய 70, 80 டிகிரி சூடே தாராளம். பிரிட்டிஷ் மருந்து நூலின் காலமைன் லோஷனைப் பாருங்கள்: 15 சதவீதம் காலமைனையும் 5 சதவீதம் துத்தநாக ஆக்சைடையும் தாங்குவது வெறும் 3 சதவீதப் பென்டோனைட். அந்தக் கூழ் பாட்டிலிலிருந்து இறங்காத அளவுக்கு இறுகிவிடாமல் பார்த்துக்கொள்ள அரை சதவீதம் சோடியம் சிட்ரேட் என்ற உப்பு. உப்பு இங்கே எதிரியல்ல, நேரமறிந்து வருகிற கையாள்.

சாந்தன் கோந்து சீக்கிரம் கரையுமே, எதற்கு இந்தப் பாடு? நியாயமான கேள்விதான். ஆனால் கோந்து மட்டும் அதிகமானால் இழைபாயும், விரலில் வழவழக்கும். களிமண்ணோடு சிறிதளவு சேர்த்தால் இரண்டின் குறையும் அடங்கும். கண்ணாடிபோலத் தெளிந்த ஜெல் வேண்டுமென்றால் களிமண் உதவாது, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஈயம், ஆர்சனிக் சோதனை அறிக்கை இல்லாத மூட்டையைத் தொடவே கூடாது. மலைக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. தேயிலைச் சாற்றின் துவர்ப்புப் பொருளும் மண்ணிலுள்ள இரும்பும் சேர்ந்தால் பூச்சு கருத்துப்போகலாம். சாற்றின் சத்தையும் மண் தன்மேல் பற்றிக்கொள்ளும். அதனால் தேயிலைப் பூச்சைக் கோந்திடம் விட்டுவிடலாம். நீலகிரித் தைலம் சேர்த்த லோஷனில் அந்தத் தகராறு இல்லை; எண்ணெய்த் துளிகள் ஒன்றுகூடி மேலே மிதக்காமல் தகடுகளே தடுத்து வைக்கும்.