யாரும் சொல்லித் தரவில்லை

"ஆயா, இந்தக் கலர்ல ரெண்டு இழை, அந்தக் கலர்ல ரெண்டு இழை குடு."

ஆறாம் வகுப்புப் பேரன் கேட்டதும் ஆயாவுக்குச் சிரிப்பு வந்தது. பெரணமல்லூரில் அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார் அவர். உள்ளே மகனின் பட்டுத்தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எதுக்குடா?"

"முறுக்கிக் கையில கட்டிக்கத்தான். கிளாஸ்ல நம்ம ஆளுங்க எல்லாரும் இந்த ரெண்டு கலர்லதான் கட்டியிருக்காங்க."

ராட்டை நின்றது.

"நம்ம ஆளுங்கன்னா யாருடா?"

"தெரியாத மாதிரி கேக்கறியே!"

"உனக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. எனக்கே தெரியும்."

அவன் பொய் சொல்லவில்லை. அந்த வீட்டில் யாரும் அவனுக்குச் சாதியைப் பற்றிப் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் ஆயாவுக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

போன மாதம் பேரனோடு விளையாட வந்த ஒரு பையன் தண்ணீர் கேட்டான். அடுப்படியில் எவர்சில்வர் டம்ளர்கள் வரிசையாக இருந்தன. ஆனால், குழாயடி மாடத்தில் கிடந்த பழைய பிளாஸ்டிக் டம்ளரில்தான் ஆயா மொண்டு கொடுத்தார். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. கை தானாகப் போனது. வாசற்படியில் நின்று பேரன் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிள்ளைகள் இப்படித்தான் கற்றுக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் டெக்சாஸில் மேகன் பேட்டர்சன், ரெபெக்கா பிக்லர் என்ற இரு உளவியலாளர்கள், 3 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்குச் சிவப்பு அல்லது நீலச் சட்டை கொடுத்து மூன்று வாரம் கவனித்தார்கள். சில வகுப்புகளில் ஆசிரியர்கள் சட்டை நிறத்தைச் சொல்லியே குழந்தைகளைக் கூப்பிட்டார்கள். நிறவாரியாக வரிசையில் நிறுத்தினார்கள். மற்ற வகுப்புகளில் நிறத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. எந்த நிறமும் உசத்தி என்று யாரும் சொல்லவில்லை. தன் நிறத்தின் மேல் கொஞ்சம் ஒட்டுதல் இரண்டு இடத்திலும் வந்தது. ஆனால், ஆசிரியர் பிரித்துக் காட்டிய வகுப்பில் அது கூடுதலாக இருந்தது. 2006-ல் வெளியான முடிவு இது.

சட்டையில் நடந்தது கயிற்றிலும் நடக்கும். 2023 ஆகஸ்டில், நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன்பிறகு தமிழக அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துருவைக் கொண்டு ஒருநபர் குழு அமைத்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றோடு மாணவர்கள் பள்ளிக்கு வரக் கூடாது என்று 2024 ஜூனில் அந்தக் குழு பரிந்துரைத்தது.

பள்ளிக்கூட வாசலில் கயிற்றை அவிழ்த்துவிடலாம். வீட்டு மாடத்தில் இருக்கும் டம்ளரை வீட்டுக்காரர்கள்தான் எடுக்க வேண்டும்.

ஆயா நூல் கொடுக்கவில்லை. "இது புடவைக்குன்னு முதலாளி எடை போட்டுக் குடுத்த நூலு. கையில கட்டறதுக்கு இல்ல" என்றார். பேரன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை, "அந்தப் பையனைக் கூட்டிக்கிட்டு வாடா" என்று ஆயாவே சொல்லியனுப்பினார். விளையாடி வேர்த்த பையனுக்குத் தாகம். யாரும் காட்டாமலே குழாயடிக்குப் போய், மாடத்திலிருந்த பிளாஸ்டிக் டம்ளரைக் கையில் எடுத்தான். அவனும் ஒரே நாளில் கற்றுக்கொண்டிருந்தான்.

ஆயாவுக்குச் சுருக்கென்றது.

"அது வேணாம் கண்ணு. உள்ள வா."

எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். பையன் மடமடவென்று குடித்துவிட்டு, டம்ளரைப் பேரனிடம் நீட்டினான். அவன் அதை வாங்கிக்கொண்டு ஆயாவின் முகத்தைப் பார்த்தான். ஆயா பேசாமல் தண்ணீர்க் குடத்தின் மூடியைத் திறந்தார்.

அந்த டம்ளரிலேயே பேரனும் மொண்டு குடித்தான்.